தண்டுவட மரப்பு நோய்ச் சிகிச்சையும் நோயெதிர்ப்பு உயிரணுக் கண்காணிப்பும்

தண்டுவட மரப்பு நோய் என்பது, உடலின் சொந்த நோயெதிர்ப்பு உயிரணுக்களே மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புகளின் மயலின் உறையைத் தாக்கிச் சிதைக்கும் நாட்பட்ட நோய் ஆகும். மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்றும், சுருக்கமாக எம்.எஸ். என்றும் இது அறியப்படுகிறது. இந்நோய்க்கு இன்று பயன்படும் மருந்துகளில் பெரும்பாலானவை நோயெதிர்ப்பு உயிரணுக்களைக் குறைத்தோ, திசைதிருப்பியோ, அடைத்துவைத்தோ செயல்படுகின்றன. அப்படியானால் நோயாளியின் இரத்தத்தில் உள்ள அவ்வுயிரணுக்களை எண்ணிப் பார்த்தே, மருந்து அவருக்குப் பலன் தருமா தராதா என்று முன்கூட்டிச் சொல்லிவிட முடியுமா? முப்பது ஆண்டுகளாக நரம்பியல் மருத்துவர்கள் கேட்டுவரும் கேள்வி இது. இரத்தத்தை எண்ணுவதால் மருந்து தன் இலக்கைத் தொட்டதா என்பது நன்றாகவே தெரிகிறது. நோயாளிக்கு ஆபத்து நெருங்குகிறதா என்பதும் ஓரளவு தெரிகிறது. நோய் அடங்குமா என்பது மட்டும் இன்றுவரை தெளிவாகத் தெரிவதில்லை.

நோயின் போக்கும் காலத்தின் நெருக்கடியும்

உலகில் ஏறத்தாழ 29 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்கின்றனர். ஆண்களைவிடப் பெண்களே அதிகம் பாதிக்கப்படுகின்றனர். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் நோய் வெளிப்படுகிறது. ஒரு கண்ணில் திடீரெனப் பார்வை மங்குதல், கால் மரத்துப்போதல், நடை தள்ளாடுதல் ஆகியவை தொடக்க அறிகுறிகளாக அமையலாம். சில வாரங்களில் அவை தாமாகவே தணிந்துவிடுவதும் உண்டு. பிறகு மாதங்களோ ஆண்டுகளோ கழித்து வேறோர் இடத்தில் புதிய தாக்குதல் வரும். நோயாளிகளில் சுமார் 85 விழுக்காட்டினருக்கு நோய் இவ்வாறு தாக்குதலும் தணிவுமாகவே தொடங்குகிறது.

தணிவு என்பது முழுமையான குணமன்று. ஒவ்வொரு தாக்குதலிலும் மயலின் உறையோடு சில நரம்பிழைகளும் அழிகின்றன. அழிந்த நரம்பிழை திரும்ப வளர்வதில்லை. ஆகவே முதல் சில ஆண்டுகளில் எந்த மருந்து கொடுக்கப்பட்டது என்பது, பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் அவர் ஊன்றுகோல் இல்லாமல் நடப்பாரா என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது. 1993ஆம் ஆண்டில் இன்டர்ஃபெரான் பீட்டா-1பி அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றபோது தெரிவுக்கு இடமே இருக்கவில்லை. இப்போது இருபதுக்கு மேற்பட்ட மருந்துகள் உள்ளன. ஒன்றைக் கொடுத்து, ஓராண்டு காத்திருந்து, புதிய தாக்குதல் வந்தால் அடுத்ததற்கு மாறுவது என்ற பழைய வழியில், காத்திருக்கும் ஓராண்டுக்கான விலையை நோயாளியின் மூளை கொடுக்கிறது. தொடக்கத்திலேயே மிக வலிமையான மருந்தைக் கொடுத்துவிட்டால், அது தேவைப்படாத ஒருவர் தொற்றுகளுக்கும் வேறு பக்கவிளைவுகளுக்கும் ஆளாகலாம். இந்த இரண்டுக்கும் நடுவே வழிகாட்ட ஓர் இரத்தச் சோதனை கிடைக்குமா என்ற தேடலிலிருந்தே உயிரணுக் கண்காணிப்பு வளர்ந்தது.

உயிரணுக்கள் எண்ணப்படும் முறை

மிக எளிய சோதனை, எல்லா ஆய்வகங்களிலும் செய்யப்படும் இரத்த அணு எண்ணிக்கை. வெள்ளையணுக்களில் ஒரு வகையான லிம்போசைட்டுகள், அதாவது நிணவணுக்கள், நலமான பெரியவர் ஒருவரின் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 1000 முதல் 4000 வரை இருக்கும். ஆனால் நிணவணுக்கள் அனைத்தும் ஒரே தொழில் செய்பவை அல்ல. டி உயிரணுக்கள், பி உயிரணுக்கள், இயற்கைக் கொல்லி உயிரணுக்கள் என அவை பிரிகின்றன. அவற்றுக்குள்ளும் உட்பிரிவுகள் பல. நுண்ணோக்கியில் பார்த்தால் இவை எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும்.

அவற்றைப் பிரித்தறிய உதவுவது ஃப்ளோ சைட்டோமெட்ரி என்னும் முறை. ஒவ்வொரு வகை உயிரணுவின் மேற்பரப்பிலும் தனித்தன்மையான புரதங்கள் உள்ளன. அவற்றுக்கு சிடி என்ற முன்னொட்டுடன் எண்கள் வழங்கப்பட்டுள்ளன. இப்புரதங்களில் ஒட்டிக்கொள்ளும், ஒளிரும் சாயம் பூசப்பட்ட எதிர்ப்பொருள்களை இரத்த மாதிரியில் கலந்து, உயிரணுக்களை ஒன்றன்பின் ஒன்றாக லேசர் ஒளியின் முன் ஓடவிடுவார்கள். எந்த உயிரணு எந்த நிறத்தில் ஒளிர்கிறது என்பதைக் கருவி பதிவு செய்து எண்ணிக்கை தரும். எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களுக்கு சிடி4 எண்ணிக்கை பார்ப்பதும் இம்முறையில்தான்.

எச்.ஐ.வி.யுடனான இந்த ஒப்புமை ஓரளவுக்கே பொருந்தும். எச்.ஐ.வி. அழிப்பது சிடி4 உயிரணுவையே. ஆகவே அதை எண்ணுவது நோயையே எண்ணுவதற்குச் சமம். தண்டுவட மரப்பு நோயில் குற்றம் செய்யும் உயிரணுக்கள் எவை, அவை மயலினில் எதைத் தேடித் தாக்குகின்றன என்பதே முழுமையாகத் தெரியவில்லை. ஆய்வகம் எண்ணித் தருவது ஒரு பெரிய கூட்டத்தை. அதில் குற்றவாளிகள் சிலரே இருக்கக்கூடும்.

பி உயிரணுக்கள் தந்த பாடம்

நெடுங்காலமாக இது டி உயிரணுக்களால் வரும் நோய் என்றே கருதப்பட்டது. அக்கருத்தை அசைத்தது 2008ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு. 104 நோயாளிகள் பங்கேற்ற அந்தச் சோதனையில், இரத்தப் புற்றுநோய்க்குப் பயன்பட்டுவந்த ரிட்டுக்சிமாப் என்ற மருந்து கொடுக்கப்பட்டது. அது பி உயிரணுக்களின் மேலுள்ள சிடி20 புரதத்தைப் பற்றிக்கொண்டு அவற்றை அழிக்கும். போலி மருந்து பெற்றவர்களோடு ஒப்பிடுகையில், மருந்து பெற்றவர்களின் மூளையில் எம்.ஆர்.ஐ. காட்டிய செயல்நிலை அழற்சிப் புண்கள் 91 விழுக்காடு குறைந்திருந்தன.

பி உயிரணுக்கள் முதிர்ந்து பிளாஸ்மா உயிரணுக்களாகி எதிர்ப்பொருள்களைச் சுரக்கும் என்பது பாடநூல் செய்தி. பிளாஸ்மா உயிரணுவில் சிடி20 இல்லை. எனவே ரிட்டுக்சிமாப் அதைத் தொடாது. எதிர்ப்பொருள் அளவு அதிகம் மாறாதபோதே, சில வாரங்களில் நோய் அடங்கியது. ஆகவே பி உயிரணுக்கள் இந்நோயில் செய்யும் தீங்கு எதிர்ப்பொருள் சுரப்பதால் மட்டும் வருவதன்று. டி உயிரணுக்களுக்கு இலக்கைக் காட்டிக்கொடுப்பதும், அழற்சியைத் தூண்டும் சேர்மங்களை வெளியிடுவதும் அவற்றின் பங்கு என்ற விளக்கம் வலுப்பெற்றது.

இதற்கு எதிர்த்திசையில் நடந்த ஒரு தோல்வி இன்னும் கூடுதலாகக் கற்பித்தது. அட்டாசிசெப்ட் என்ற மருந்தும் பி உயிரணுக்களின் மீது செயல்படுவதுதான். எதிர்ப்பொருள் அளவையும் அது நன்றாகக் குறைத்தது. இரத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தவர்கள் நம்பிக்கை கொண்டிருப்பார்கள். ஆனால் அம்மருந்தைப் பெற்றவர்களுக்குப் போலி மருந்து பெற்றவர்களைவிட மீள்தாக்குதல்கள் கூடின. 2009இல் சோதனை நிறுத்தப்பட்டது. வேறுபாடு எங்கே? அட்டாசிசெப்ட், பிளாஸ்மா உயிரணுக்களையும் முதிர்ந்த பி உயிரணுக்களில் ஒரு பகுதியையும் குறைத்தது; சிடி27 என்ற குறியைத் தாங்கும் நினைவு பி உயிரணுக்களை விட்டுவைத்தது. பலன் தரும் பல மருந்துகளை ஒப்பிட்டபோது, அவை வெவ்வேறு வழிகளில் இயங்கினாலும் நினைவு பி உயிரணுக்களைக் குறைப்பதில் ஒன்றுபடுகின்றன என்று சில ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். எப்ஸ்டீன்-பார் வைரஸ் உடலில் நிரந்தரமாகக் குடியிருக்கும் இடமும் இதே நினைவு பி உயிரணுக்கள்தான். அமெரிக்க இராணுவத்தினர் ஒரு கோடிக்கு மேற்பட்டோரின் பதிவுகளைக் கொண்டு 2022இல் வெளியான ஆய்வு, அவ்வைரஸ் தொற்றிய பிறகு இந்நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுவதாகக் காட்டியது. இரண்டையும் இணைத்துப் பார்க்கும்போது, ‘எத்தனை பி உயிரணு’ என்பதைவிட ‘எந்த பி உயிரணு’ என்பதே சரியான கேள்வி எனத் தோன்றுகிறது.

இன்று பரவலாகப் பயன்படும் ஒக்ரிலிசுமாப் 2017இலும், ஒஃபாட்டுமுமாப் 2020இலும் அமெரிக்காவில் இந்நோய்க்காக ஒப்புதல் பெற்றன. இரண்டும் சிடி20ஐயே குறிவைப்பவை. இவற்றைப் பெறுபவர்களிடம் கண்காணிப்பு செய்யும்போது ஆய்வகங்கள் சிடி20ஐ எண்ணுவதில்லை, சிடி19ஐ எண்ணுகின்றன. காரணம் எளியது: மருந்து சிடி20ஐ ஏற்கெனவே மூடிக்கொண்டிருப்பதால், உயிரணு உயிரோடு இருந்தாலும் சாயம் ஒட்ட இடம் இருக்காது, எண்ணிக்கை பொய்யாகச் சுழியம் காட்டும்.

தவணையைத் தீர்மானிக்கும் எண்ணிக்கை

ஒக்ரிலிசுமாப் ஆறு மாதத்துக்கு ஒருமுறை 600 மில்லிகிராம் எனச் சிரைவழி ஏற்றப்படுகிறது. எல்லோருக்கும் ஒரே தவணை. ஆனால் கடைசித் தவணைக்குப் பின் பி உயிரணுக்கள் இயல்பு நிலைக்குத் திரும்ப எடுக்கும் காலத்தின் இடைநிலை மதிப்பு 72 வாரங்கள். சிலருக்கு 27 வாரங்களிலேயே திரும்பின. சிலருக்கு 175 வாரங்கள் ஆயின. அதாவது நாள்காட்டிப்படி அடுத்த தவணை வரும்போது, பலருடைய இரத்தத்தில் அழிக்கப்படுவதற்கு பி உயிரணுவே இருப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் இப்படித் தொடர்ந்தால் இம்யூனோகுளோபுலின் அளவு குறைந்து தொற்றுகள் வரலாம். தடுப்பூசிக்கு உடல் சரியாக எதிர்வினை காட்டுவதும் குறையும்.

கொரோனாக் காலத்தில் இது ஏட்டளவுச் செய்தியாக இருக்கவில்லை. தவணையைத் தள்ளிவைக்க வேண்டிய கட்டாயம் பல நாடுகளில் ஏற்பட்டது. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில், சிடி19 எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டருக்கு 10 என்ற அளவை எட்டும்வரை அடுத்த தவணையைத் தள்ளிவைக்கும் முறை பின்பற்றப்பட்டது. நோய் திரும்பும் என்ற அச்சம் அந்தக் குறுகிய காலத்தில் மெய்ப்படவில்லை. இத்தகைய அனுபவங்களின் அடிப்படையில், நாள்காட்டிக்குப் பதிலாக உயிரணு எண்ணிக்கையை வைத்துத் தவணை கொடுப்பது பாதுகாப்பானதா என்று முறையான ஒப்பீட்டு ஆய்வு அங்கே மேற்கொள்ளப்பட்டது.

இந்த முறைக்கு முன்னோடி, தண்டுவட மரப்பு நோயின் ஒரு வகை என்று ஒரு காலத்தில் கருதப்பட்ட, இப்போது தனி நோயாக அறியப்படும் நியூரோமயலைட்டிஸ் ஆப்டிகா. தென்கொரிய மருத்துவர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், 30 நோயாளிகளுக்கு நினைவு பி உயிரணுக்களை அடிக்கடி எண்ணி, அவை இரத்தத்தின் ஒற்றைக்கரு உயிரணுக்களில் 0.05 விழுக்காட்டைத் தாண்டும்போது மட்டும் ரிட்டுக்சிமாப் கொடுத்தனர். மீள்தாக்குதல்கள் பெருமளவு குறைந்தன. அந்நோயில் நினைவு பி உயிரணுவின் வருகைக்கும் மீள்தாக்குதலுக்கும் நெருக்கமான உறவு உண்டு. தண்டுவட மரப்பு நோயிலோ, பி உயிரணுக்கள் திரும்பிய பின்பும் பலருக்கு நீண்ட காலம் நோய் அடங்கியே இருக்கிறது. ஒரு நோயில் தேறிய அளவுகோல் அடுத்த நோய்க்கு அப்படியே பொருந்தாது.

இன்னொரு பக்கம், மேலும் ஆழமாக அழித்தால் மேலும் பலன் கிடைக்கும் என்ற எண்ணமும் இருந்தது. பழைய ஆய்வுத் தரவுகளை மீண்டும் அலசியபோது, இரத்தத்தில் ஒக்ரிலிசுமாப் செறிவு கூடுதலாகவும் பி உயிரணு மிகக் குறைவாகவும் இருந்தவர்களுக்கு இயலாமை மெதுவாகவே கூடியது தெரிந்தது. அதை நம்பி, 1200 அல்லது 1800 மில்லிகிராம் என உயர்ந்த அளவுகளை வைத்து ஒரு பெரிய சோதனை நடத்தப்பட்டது. 2025இல் அறிவிக்கப்பட்ட அதன் முடிவு: வழக்கமான 600 மில்லிகிராமைவிட இயலாமையைத் தடுப்பதில் கூடுதல் பலன் எதுவும் இல்லை. உடல் எடை, நோயின் நிலை போன்ற வேறு காரணங்கள், எண்ணிக்கைக்கும் பலனுக்கும் நடுவே ஒரு போலித் தொடர்பைக் காட்டியிருக்கக்கூடும். பின்னோக்கிப் பார்த்துக் கண்ட தொடர்பு, முன்னோக்கி வைத்த சோதனையில் நிற்காமல் போவது இத்துறையில் புதிதன்று.

ஆபத்தை அறிவிக்கும் எண்ணிக்கைகள்

பலனைச் சொல்ல முடியாத எண்ணிக்கைகளும் ஆபத்தைச் சொல்வதில் பயன்பட்டுள்ளன. அன்றாட மருத்துவத்தில் உயிரணுக் கண்காணிப்பு நிலைபெற்றிருப்பது பெரும்பாலும் இதற்காகவே.

ஃபிங்கோலிமோட் மாத்திரை நிணவணுக்களைக் கொல்வதில்லை. அவை நிணநீர்க்கணுக்களிலிருந்து வெளியேறும் கதவை மூடிவிடுகிறது. இரத்தத்தில் அவற்றின் எண்ணிக்கை முந்தைய அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு அருகே இறங்கிவிடும். எண்ணிக்கை எவ்வளவு இறங்கியதோ அவ்வளவு பலன் என்று எதிர்பார்ப்பது இயல்பே. ஆனால் அப்படி ஓர் ஒழுங்கு உறுதிப்படவில்லை. ஒரு மைக்ரோலிட்டருக்கு 200க்குக் கீழ் போனால் மருந்தை நிறுத்தி வைப்பது என்பது பாதுகாப்புக்கான எல்லை மட்டுமே. டைமெத்தில் ஃப்யூமரேட் பெறுபவர்களுக்கு எண்ணிக்கை 500க்குக் கீழ் ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்தால் மருந்தைத் தொடர்வது பற்றி மறுபரிசீலனை தேவை. கிளாட்ரிபைன் மாத்திரையில், இரண்டாம் ஆண்டுச் சுற்றைத் தொடங்க நிணவணுக்கள் குறைந்தது 800 இருக்க வேண்டும்.

நடாலிசுமாப் கதை சற்று வேறு. இந்த மருந்து, உயிரணுக்கள் இரத்தக்குழாய்ச் சுவரைக் கடந்து மூளைக்குள் நுழைவதைத் தடுக்கிறது. உள்ளே போக முடியாதவை வெளியிலேயே சுற்றுவதால், இரத்தத்தில் நிணவணுக்கள் குறைவதற்குப் பதில் கூடுகின்றன. எண்ணிக்கை கூடியது, நோய் அடங்கியது! மருந்தின் வழி தெரியாமல் எண்ணை மட்டும் படிப்பவரைத் திகைக்கவைக்கும் நிலை இது. 2004 நவம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இம்மருந்து, சில மாதங்களிலேயே, 2005 பிப்ரவரியில், சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. பி.எம்.எல். என்ற கொடிய மூளைத் தொற்று சிலருக்கு வந்ததே காரணம். பெரும்பாலோரின் உடலில் தீங்கின்றி உறங்கும் ஜே.சி. வைரஸ், காவல் உயிரணுக்கள் நுழையாத மூளையில் விழித்துக்கொள்கிறது. 2006இல் கட்டுப்பாடுகளுடன் மருந்து திரும்ப வந்தது. இன்று ஒருவருக்கு இந்த ஆபத்து எவ்வளவு என்று கணிக்க, ஜே.சி. வைரசுக்கு எதிரான எதிர்ப்பொருள் குறியெண், மருந்து பெற்ற காலம், முன்பு நோயெதிர்ப்பை ஒடுக்கும் மருந்துகள் பெற்றாரா என்பது ஆகிய மூன்றும் பார்க்கப்படுகின்றன. குறியெண் 1.5க்கு மேல் என்றால் ஆபத்து கூடுதல்.

இம்மூன்றில் உயிரணு எண்ணிக்கை எதுவும் இல்லை என்பதைக் கவனிக்கலாம். சேர்க்க முயன்றார்கள். டி உயிரணுக்களில் எல்-செலக்டின் என்ற புரதம் குறைந்திருப்பவர்களுக்கே பி.எம்.எல். வருவதாக 2013இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் தெரிவித்தபோது பெரும் எதிர்பார்ப்பு எழுந்தது. பிற ஆய்வகங்கள் செய்துபார்த்தபோது அது உறுதிப்படவில்லை. உறையவைத்துச் சேமித்த மாதிரியில் எத்தனை உயிரணுக்கள் பிழைத்திருக்கின்றன என்பதைப் பொறுத்தே அப்புரதத்தின் அளவு மாறுவதாக ஒரு குழு காட்டியது. நோயாளியின் உடலில் நடப்பதையா, குளிர்பதனப் பெட்டியில் நடந்ததையா அளந்தோம் என்ற ஐயம் ஒரு நல்ல கருதுகோளை வீழ்த்தப் போதுமானதாக இருந்தது.

பொய்த்த நம்பிக்கைகள்

இன்டர்ஃபெரான் பீட்டா சிலருக்கு நன்றாகப் பலன் தரும், சிலருக்குத் தராது. இரத்தத்தில் இன்டர்லூகின்-17எஃப் என்ற சேர்மம் மிகுந்திருப்பவர்களுக்கு அது பலன் தராது என 2010இல் ஓர் ஆய்வு கூறியது. டிஎச்17 என்னும் டி உயிரணு வகை சுரக்கும் சேர்மம் அது; எனவே விளக்கமும் அழகாக இருந்தது. மூன்றாண்டுகளில், பெரிய சோதனையொன்றில் சேமிக்கப்பட்ட மாதிரிகளைக் கொண்டு சரிபார்த்தபோது அந்த அளவு எதையும் முன்கணிக்கவில்லை.

டாக்லிசுமாப் கதை இதற்கு நேர்மாறு. டி உயிரணுக்களை அடக்கும் என்று எதிர்பார்த்துக் கொடுக்கப்பட்ட மருந்து அது. ஆனால் சிடி56 குறி மிகுந்த இயற்கைக் கொல்லி உயிரணுக்கள் பெருகியவர்களுக்கே நோய் அடங்கியது என்று அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் ஆய்வாளர்கள் 2006இல் கண்டனர். பலனோடு உண்மையிலேயே இணைந்த ஓர் உயிரணுக் குறி இது. மருந்து செயல்படும் வழியைப் பற்றிய கருத்தையே அது திருத்தியது. 2016இல் ஒப்புதல் பெற்ற அந்த மருந்து, கடுமையான மூளை அழற்சியும் கல்லீரல் பாதிப்பும் சிலருக்கு வந்ததால் 2018 மார்ச்சில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. குறி இருந்தது, மருந்து போய்விட்டது.

இரத்தம் முழுக்கதையைச் சொல்லாதது ஏன்

உடலில் உள்ள நிணவணுக்களில் சுமார் 2 விழுக்காடு மட்டுமே எந்த நேரத்திலும் இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. மற்றவை நிணநீர்க்கணு, மண்ணீரல், எலும்பு மஜ்ஜை, குடல் ஆகியவற்றில் தங்கியிருக்கும். நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிகளை எண்ணி, ஒரு நகரத்தின் வீடுகளுக்குள் யார் இருக்கிறார்கள் என்று சொல்ல முயல்வது போன்றதுதான் இரத்தத்தை எண்ணுவது.

மேலும், நோய் முற்றும்போது அதன் மையம் இடம் மாறுகிறது. தொடக்கத்தில் இரத்தத்திலிருந்து அலை அலையாக உயிரணுக்கள் மூளைக்குள் நுழைகின்றன. மீள்தாக்குதல்கள் அதன் விளைவு. பிற்காலத்தில் மூளையிலேயே நிலைகொண்ட மைக்ரோகிளியா உயிரணுக்களும், மூளை உறைகளில் குடியேறிய நிணவணுக்களும் மெதுவான அழிவை நடத்துகின்றன. சிடி20ஐத் தாக்கும் எதிர்ப்பொருள் மருந்து மூளைத் தண்டுவடத் திரவத்தை எட்டுவது இரத்தத்தில் உள்ள செறிவில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவிலேயே. இரத்தத்தில் பி உயிரணு சுழியம் எனத் தாள் காட்டும்போதும், மீள்தாக்குதல் ஒன்றுகூட இல்லாதபோதும், நோயாளியின் நடை ஆண்டுக்காண்டு மெலிந்துவருவதற்கு இது ஒரு காரணம்.

கணக்கியலும் ஒரு தடையாக நிற்கிறது. ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். ஒரு வலிமையான மருந்தை நூறு பேர் பெறுகின்றனர். அவர்களில் பத்துப் பேருக்கு மட்டும் அது பலன் தரப்போவதில்லை. ஓர் உயிரணுச் சோதனை அந்தப் பத்துப் பேரில் எட்டுப் பேரைச் சரியாகக் கண்டுபிடிக்கிறது என்று கொள்வோம். பலன் பெறப்போகும் தொண்ணூறு பேரில் ஐந்தில் ஒருவரை, அதாவது பதினெட்டுப் பேரை, அது தவறாகச் சுட்டுகிறது. கேட்பதற்கு நல்ல சோதனைதான். ஆனால் அது எச்சரித்த இருபத்தாறு பேரில் எட்டுப் பேருக்கே எச்சரிக்கை உண்மை. மற்ற பதினெட்டுப் பேர், தமக்குப் பலன் தந்துகொண்டிருக்கும் மருந்தைக் காரணமின்றி விட்டுவிடுவார்கள். மருந்துகள் திறம்பெறத் திறம்பெற, தோல்வி அரிதாகிறது. அரிதானதை முன்கணிப்பது மேலும் கடினமாகிறது.

அதனால்தான் ஆய்வுகள் தனி எண்ணிக்கையிலிருந்து உயிரணுக்களின் முழுத் தோற்றத்தை நோக்கி நகர்ந்துள்ளன. ஜெர்மனியின் மன்ஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஒரு குழு, நோயின் தொடக்கநிலையில் இருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்டோரின் இரத்தத்தை விரிவான ஃப்ளோ சைட்டோமெட்ரி மூலம் ஆராய்ந்து 2024இல் முடிவுகளை வெளியிட்டது. நோயாளிகள் மூன்று நோயெதிர்ப்பு வகைகளாகப் பிரிந்தனர். வகைக்கேற்ப நோயின் போக்கும் வேறுபட்டது. நோயறிதல் நாளன்றே ஒருவர் எந்த வகை என்று தெரிந்தால் மருந்தைத் தெரிவு செய்ய அது உதவக்கூடும். ஆனால் வகையைப் பார்த்து மருந்து கொடுத்த நோயாளிகள், பாராமல் கொடுத்தவர்களைவிட நலமாக இருக்கிறார்களா என்று ஒப்பிடும் சோதனை நடந்த பிறகே அது மருத்துவமனைக்கு வரத் தகுதி பெறும். நரம்பிழைகள் சிதையும்போது இரத்தத்தில் கசியும் நியூரோஃபிலமென்ட் என்னும் புரதத்தின் அளவோடு உயிரணுத் தோற்றத்தைச் சேர்த்துப் படிப்பதும் நடைபெறுகிறது. ஒன்று தாக்குபவர்களைக் காட்டும்; மற்றது சேதத்தைக் காட்டும்.

நடைமுறையும் செலவும்

இன்றைய நிலையில் மருந்து பலன் தருகிறதா என்பதை மருத்துவர்கள் மீள்தாக்குதல், நரம்பியல் பரிசோதனை, எம்.ஆர்.ஐ. ஆகிய மூன்றையும் கொண்டே முடிவு செய்கின்றனர். நிணவணு எண்ணிக்கையும் இம்யூனோகுளோபுலின் அளவும் பாதுகாப்புக்காகப் பார்க்கப்படுகின்றன. சிடி19 எண்ணிக்கை இயல்புக்குத் திரும்பிவிட்டது என்பதற்காக மட்டும் நோய் திரும்பிவிட்டது என்று நோயாளி அஞ்ச வேண்டியதில்லை. அது சுழியம் என்பதற்காகப் புதிய அறிகுறிகளைப் புறக்கணிப்பதும் தவறு.

பணம் குறைவாக உள்ள நாடுகளில் உயிரணு எண்ணிக்கைக்கு வேறொரு பயன் கிடைக்கக்கூடும். ஸ்வீடனில் 200 பேரிடம் நடத்தப்பட்டு 2022இல் வெளிவந்த ஒப்பீட்டில், ஈராண்டுகளில் ரிட்டுக்சிமாப் பெற்றவர்களில் 3 விழுக்காட்டினருக்கும், டைமெத்தில் ஃப்யூமரேட் பெற்றவர்களில் 16 விழுக்காட்டினருக்கும் மீள்தாக்குதல் வந்தது. ரிட்டுக்சிமாப் இந்நோய்க்கெனத் தனி ஒப்புதல் பெறாத மருந்து. ஆயினும் 2023இல் உலக நலவாழ்வு அமைப்பு, கிளாட்ரிபைன், கிளாட்டிரமர் ஆகியவற்றோடு அதையும் இந்நோய்க்கான இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவில் ஐதராபாத்தைச் சேர்ந்த டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் 2007இலேயே அதன் உயிரியொப்பு மருந்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இங்குள்ள நரம்பியல் மருத்துவர்கள் பலர் அதைப் பயன்படுத்துகின்றனர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்ற தவணையை, சிடி19 எண்ணிக்கை அனுமதிக்கும்வரை தள்ளிவைக்க முடிந்தால், சொந்தப் பணத்தில் மருந்து வாங்கும் குடும்பத்துக்கு ஆண்டுச் செலவு குறையும், நோயாளிக்குத் தொற்று ஆபத்தும் தணியும். எத்தனை காலம் தள்ளலாம், எந்த எண்ணில் மீண்டும் தொடங்கலாம் என்பதற்குரிய விடை, இப்போது நடைபெறும் தவணை ஒப்பீட்டு ஆய்வுகளிலிருந்து வர வேண்டும்.